எபேசுவா, ரோமாபுரியா

நான் வேலை பார்த்த இறையியல் பள்ளியில் இப்போது புதிய ஏற்பாடு நடத்தும் ஆசிரியை சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். தேர்வு முறையை மாற்றுகிறார்களாம். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் கொடுத்து, சரியானதைக் குறியிடச் சொல்லப் போகிறார்களாம்.

"டீச்சர், பிலேமோன் கடிதம் எந்த ஊர்ச் சிறையில எழுதுனதுன்னு ஒரு கேள்வி வந்திருக்குங்க. நீங்க இவ்வளவு வருஷம் நடத்தியிருக்கீங்க. எதைக் குறிக்கச் சொல்லட்டுங்க?"

காபி ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒரு வார்த்தை விடை. நான் சொன்னதோ வேறு எங்கெங்கோ போனது. கிளம்பும்போது, "இதை அப்படியே எழுதிக் குடுத்துருங்க டீச்சர்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தைப் படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். அது மிகச் சிறியது, ஒரு பக்கம்தான் வரும். ஊர் ஊராகப் போய்ச் சபைகள் நிறுவிய பவுல், சிறையில் இருந்தபடி கொலோசெ பட்டணத்து வசதிக்காரரான பிலேமோனுக்கு எழுதியது. பிலேமோன் வீட்டு அடிமை ஒநேசிமு எப்படியோ பவுலிடம் வந்து சேர்ந்திருக்கிறான். எஜமானிடமிருந்து ஓடிவந்தவன் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. பவுல் இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார். இனி அவனை அடிமையாக நடத்தாமல் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். நானும் வருவேன், தங்குவதற்கு இடம் தயார் செய்து வையுங்கள் என்றும் எழுதுகிறார். எந்த ஊர்ச் சிறையில் இருக்கிறேன் என்பதை மட்டும் எழுதவில்லை. வாங்குபவருக்கு அது தெரிந்திருக்கும். நமக்குத்தான் தெரியவில்லை.

நான் காரமடைப் பக்கத்துக்காரி. அப்பா பள்ளி ஆசிரியர். பெங்களூரில் தங்கி இறையியலும் கிரேக்கமும் படித்தேன். பெண்பிள்ளைக்குக் கிரேக்கம் எதற்கு என்று உறவினர்கள் அப்பாவைக் கேட்டபோது, "அவளுக்குப் புடிச்சிருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவைக்கு வந்து அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். ஆசிரியர்களில் நான் ஒருத்திதான் பெண். ஞாயிறு பள்ளிப் பாடங்களைத்தான் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல்வர் ஜெபமணி ஐயா முதல் நாளே பவுலின் கடிதங்களை என் பொறுப்பில் விட்டார்.

ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் அவர் அறைக்குப் போனால் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, சுவரோரம் கிடந்த பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வாசலில் இருக்கும் காவல்காரர் முதல் முதலாண்டு மாணவன் வரை எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். யாராவது 'நிச்சயமா' என்று சொல்லிவிட்டால் போதும், அதை எடுத்து நீட்டிவிடுவார். "எழுதுங்க, பாக்கலாம்."

நான் சேர்ந்த புதிதில் பிலேமோன் கடிதம் ரோமாபுரியில் எழுதப்பட்டது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐயா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். மணி அடித்து மாணவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டீச்சருங்க, ரோமாபுரிக்கு எந்த பஸ்ல போனீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் சாக்பீஸை என் கையில் கொடுத்து, கரும்பலகையில் மூன்று பத்தி போடச் சொன்னார். முதல் பத்திக்குத் தலைப்பு, கடிதம் சொல்வது. இரண்டாவது, நாம் ஊகிப்பது. மூன்றாவது, நமக்கு வேண்டியது.

முதல் பத்தி சீக்கிரம் முடிந்தது. பவுல் சிறையில் இருக்கிறார். தீமோத்தேயு கூட இருக்கிறார். லூக்கா, அரிஸ்தர்க்கு முதலானவர்கள் வாழ்த்துச் சொல்கிறார்கள். தங்க இடம் கேட்கிறார். அவ்வளவுதான். ஒநேசிமு ஓடிவந்தவன் என்று எழுதப் போனேன். "அப்படி எங்கீங்க இருக்கு?" என்றார் ஐயா. இல்லைதான். பிரிந்துபோனான் என்றுதான் இருக்கிறது. அழித்து இரண்டாவது பத்தியில் எழுதினேன்.

இரண்டாவது பத்திக்குப் பலகை போதவில்லை. ரோமாபுரியில் பவுல் காவலில் இருந்தது தெரியும், பார்க்க வருபவர்களைச் சந்திக்க முடிந்ததும் தெரியும். லூக்கா அவரோடு அங்கே போனார். ஓடிவந்தவன் ஒளிந்துகொள்ளவும் பெரிய ஊர். ஆனால் ரோமாபுரிக்குப் பிறகு மேற்கே ஸ்பெயினுக்குப் போவதுதான் பவுலின் திட்டம். கிழக்கே, கடல் தாண்டி இருக்கும் கொலோசெயில் எதற்கு இடம் கேட்கிறார்? எபேசு என்றால் கொலோசெக்கு ஒரு வார நடைதான், இடம் கேட்பது இயல்பாக இருக்கிறது. ஆனால் எபேசுவில் அவர் சிறையில் இருந்ததாக யாரும் தெளிவாக எழுதவில்லை. அங்கே சாவின் விளிம்புவரை போனதும், வேறு எங்கெங்கோ பலமுறை சிறைப்பட்டதும் மட்டும் தெரியும். செசரியாவில் இரண்டு வருடம் சிறையில் இருந்தது உண்மை. ஆனால் கொலோசெக்காரன் அவ்வளவு தூரம் அங்கே ஏன் போகவேண்டும்?

"பழைய பதிப்புல கடுதாசிக்குக் கீழ ரோமாபுரின்னே போட்டிருக்குதுங்களே ஐயா?"

"பின்னால நகல் எடுத்தவங்க சேத்ததுங்க. அது மூணாவது பத்திக்குப் போகட்டும். தாத்தா காலத்துல இருந்து ரோமாபுரின்னு படிச்சோமில்லீங்க, அது நமக்கு வேண்டியிருக்குது." கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வேண்டியது இருக்கலாமுங்க. தப்பில்லை. எந்தப் பத்தியில இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

அன்றிலிருந்து அந்தக் கடிதத்தை அப்படித்தான் நடத்தினேன்.

இரண்டு மூன்று வருடம் கழித்து மாசிலாமணி என்ற மாணவர் இறுதியாண்டுக்கு வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும், மற்றவர்களைவிட மூத்தவர். சிங்காநல்லூரில் மோட்டார் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். அதிகம் பேசமாட்டார். விரல் நகங்களில் பட்டறைக் கறுப்பு இன்னும் போகவில்லை.

பிலேமோன் பாடம் நடந்த அன்று, எட்வின் என்ற மாணவன் ரோமாபுரிக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றான். "ஓடறவன் பக்கத்து ஊருக்கா ஓடுவான் டீச்சர்? யாராச்சும் பாத்துட மாட்டாங்களா? எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போவான்."

மாசிலாமணி எழுந்து நின்றார்.

"நான் ஓடிவந்தவனுங்க டீச்சர். அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல எங்கப்பா பண்ணையத்துல இருந்தாருங்க. என்னையும் மாடு மேய்க்க உட்டிருந்தாங்க. பதினாறு வயசுல ஒரு நாள் பண்ணாடி சாட்டையால அடிச்சுப்போட்டாருங்க. அன்னைக்குக் கிளம்பிட்டேன்."

அந்தப் பக்கத்தில் தோட்டத்து முதலாளியைப் பண்ணாடி என்றும், வருடக் கூலிக்கு அவரிடம் கட்டுப்பட்டுக் கிடப்பதைப் பண்ணையம் என்றும் சொல்வார்கள்.

"தூரம் பாத்து ஓடலீங்க. அவிநாசியில ஒரு பஞ்சு லாரி டீக்கு நின்னுதுங்க, ஏறிப்போட்டேன். அது கெழக்க போகுதா மேக்க போகுதான்னுகூடக் கேக்கலீங்க. சிங்காநல்லூர் மில்லுல வந்து எறக்குச்சு. பம்பாய் லாரியா இருந்திருந்தா இந்நேரம் பம்பாய்ல இருந்திருப்பனுங்க."

எட்வின் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் ஒரேயடியாக எபேசுப் பக்கம் சாய்ந்தார்கள். நான் மாசிலாமணி சொன்னதை இரண்டாவது பத்தியில்தான் எழுதினேன். அவருடைய கடைசி வாக்கியம் எபேசுவுக்கும் பொருந்தும், ரோமாபுரிக்கும் பொருந்தும் என்றேன். அவர் தலையாட்டினார்.

அந்த வருடம் சபையார் இறுதியாண்டு மாணவர்களை ஊழியப் பயிற்சிக்குப் பிரித்து அனுப்பினார்கள். அவிநாசிக்கு அப்பால் உள்ள நாலைந்து கிராமங்களுக்குக் கொஞ்ச காலமாக ஆளே இல்லை. மாசிலாமணிக்கு அந்த இடம் வந்தது. அவர் ஓடிவந்த ஊரும் அதில் ஒன்று. பட்டியல் போட்டவர்களுக்கு அது தெரியாது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் இறுதியாண்டுக் கட்டுரைகள் என் மேசைக்கு வந்தன. மாசிலாமணி எடுத்துக்கொண்ட தலைப்பு, பிலேமோன் கடிதம் எழுதப்பட்ட இடம். எபேசு என்றுதான் எழுதியிருப்பார் என்று நினைத்துத் திறந்தேன். ரோமாபுரி என்று எழுதியிருந்தார். நன்றாகவும் எழுதியிருந்தார். லூக்கா கூட இருந்ததை முன்னிறுத்தி, பவுலின் பயணத் திட்டம் மாறியிருக்கலாம் என்பதற்கு வேறு கடிதங்களிலிருந்து சான்று காட்டியிருந்தார். ஒரு வரியிலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

ஆனால் கடைசிப் பகுதி விநோதமாக இருந்தது. ரோமாபுரியிலிருந்து கொலோசெ திரும்பிப் போவது எவ்வளவு கடினம் என்று பக்கம் பக்கமாக விவரித்திருந்தார். குளிர்காலத்தில் கப்பல் ஓடாது. புயல் வரும். கூட வர ஆள் வேண்டும். வழியில் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? அவருடைய வாதத்துக்கு இதில் எதுவுமே தேவையில்லை. இருந்தும் கட்டுரையில் அவர் மனம் ஊன்றி எழுதிய இடம் அதுதான் என்று படித்ததும் தெரிந்தது.

அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"வகுப்புல நீங்க சொன்னது வேற மாதிரி இருந்துதே மாசிலாமணி?"

"ஆமாங்க டீச்சர்."

"கப்பலைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்களே, எதுக்கு?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எபேசுன்னா நடந்தே போயிரலாமுங்களே" என்றார். பிறகுதான் பயிற்சிக்குக் கிடைத்த ஊரைச் சொன்னார். "இங்கிருந்து பஸ்சுல ஏறுனா மத்தியானச் சோத்துக்குப் போயிரலாமுங்க. பன்னெண்டு வருஷமாப் போகலை."

"பண்ணாடிக்குப் பயப்படறீங்களா?"

"அவரு என்னங்க பண்ணிப்போடுவாரு இனி." என் பக்கம் திரும்பினார். "நான் ஓடி வந்தப்பறம் என் மாட்டையும் சேத்து எங்கப்பாதானுங்க மேச்சிருப்பாரு. எனக்கு உழுக வேண்டிய அடியும் அவருக்குத்தான் உழுந்திருக்கும். அம்மாவும் இல்லாத மனுசன். அவரு மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?"

நான் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனேன். அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்தார். இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டேன். ஊருக்குப் போகாமல் இருக்க ஒரு மனிதர் தேடிய காரணத்துக்கு மதிப்பெண் தரலாமா என்பது என் சந்தேகம்.

"வாதம் நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க ஐயா."

"அப்ப நல்ல மார்க் குடுங்க. ஆசைப்பட்டு எழுதுனதால வாதம் பொய்யாயிராதுங்க. 'எனக்கு ரோமாபுரி வேண்டியிருக்கிறது'ன்னு முன்னுரையில ஒரு வரி எழுதிச் சேக்கச் சொல்லுங்க. படிக்கறவங்க பாத்துக்குவாங்க."

"பயிற்சிக்கு வேற ஊர் மாத்திடலாமுங்களா?"

"மாத்தறது பெரிய வேலையில்லீங்க. அதுக்கு முந்தி நாம ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

அவருடைய அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாமே என்றேன். ஐயா சிரித்தார். "பவுல் உள்ள இருந்தாருங்க, அதனால எழுதுனாரு. நாம வெளியதான இருக்கோம்."

அந்தச் சனிக்கிழமை நானும் ஐயாவும் காந்திபுரத்தில் பஸ் ஏறி, அவிநாசியில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். இறங்கிய இடத்திலிருந்து சோளக்காட்டு வழியே நடை. ஊருக்குள் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. காலனியில் விசாரித்தபோது, ஆரோன் தோட்டத்தில் மோட்டார் ரூம் பக்கம் இருப்பார் என்றார்கள். அவர்தான் மாசிலாமணியின் அப்பா.

மெலிந்த மனிதர். வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஐயா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கோவையில் ஊழியத்துக்குப் படிப்பிக்கும் பள்ளியிலிருந்து வருகிறோம் என்றார். ஆரோன் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, எம்பையனுக்குச் சீக்கு ஏதுங்களா?"

மகன் எங்களிடம் இருக்கிறான் என்று நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"இல்லீங்க, நல்லா இருக்காருங்க" என்றார் ஐயா. "அவரு எங்ககிட்டப் படிக்கறது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"சாமிக்குப் படிக்கப் போயிட்டான்னு பட்டறைப் பக்கம் இருக்கற நம்ம ஆளு ஒருத்தரு சொன்னாருங்க. சிங்காநல்லூருல இருந்தப்பவே தெரியுமுங்க." வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். "ஒருக்காப் போய்ப் பாத்தனுங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு பண்ணாடிகிட்டச் சொல்லிப்போட்டுப் போனேன். பட்டறைக்கு எதுத்தாப்பல ஒரு டீக்கடை. அங்க நின்னேன். வெளிய வந்து கை கழுவுனானுங்க. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். நல்லா வளந்திருந்தானுங்க."

"பேசலீங்களா?" என்று நான் கேட்டேன்.

"இல்லீங்கம்மணி. 'உன்ற மகன் எங்கடா, பேசுனானா'ன்னு பண்ணாடி அப்பெல்லாம் அடிக்கடி கேப்பாருங்க. பேசலீங்கன்னு சாமி மேல ஆணையா நான் சொல்லோணுமில்லீங்க. பேசியிருந்தா எப்படிங்க சொல்றது? அதான், பாத்துப்போட்டு வந்துட்டேன்."

ஐயா வாய்க்கால் மேட்டில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் மடை மாறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "அவரு இங்க ஊழியத்துக்கு வரலாமுங்களா? உங்களுக்குச் சம்மதமுங்களா?" என்று கேட்டார்.

"என்னைய எதுக்குங்க கேக்கறீங்க" என்றார் ஆரோன். ஆனால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வரச் சொல்லுங்க" என்றார்.

தோட்டத்து வீட்டுக்கும் போனோம். பண்ணாடி களத்து ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, ஒரு கை நடுங்கியது. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், மோர் கொடுத்தார்கள். ஆரோன் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

ஐயா விஷயத்தைச் சொன்னார். அவர் நெற்றியைச் சுருக்கினார். "எந்தப் பையனுங்க? எத்தனையோ பேரு வந்தானுங்க, போனானுங்க. ஞாபகமில்லீங்க."

நான் ஆரோனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்குப் பயந்துதான் மகனோடு ஒரு வார்த்தை பேசாமல் டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். இந்த மனிதருக்கோ அந்த மகனையே ஞாபகம் இல்லை.

ஐயா குரலை உயர்த்தவில்லை. "அவரு ஆரோனோட மகனுங்க. பேரு மாசிலாமணி. இனி இந்த ஊருக்குப் போதகம் பண்ண வருவாருங்க. அவருக்கும் அவங்கப்பாவுக்கும் உங்க பக்கமிருந்து ஒரு சங்கடமும் வரக் கூடாதுங்க. நானும் அடிக்கடி வருவேன்."

ஒவ்வொரு 'அவரு'க்கும் பண்ணாடி நிமிர்ந்து பார்த்தார். மாடு மேய்த்த பையனை அந்தக் களத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார். கடைசியில், "ஒண்ணும் வராதுங்க. அவன் வரட்டும்" என்றார். ஒரு நொடி தயங்கி, "அவரு வரட்டுங்க" என்று திருத்திக்கொண்டார்.

திங்கள்கிழமை ஐயா மாசிலாமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பண்ணாடிக்கு ஞாபகமில்லை என்றதை மாசிலாமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டீக்கடையைச் சொன்னபோது மட்டும் இடைமறித்தார்.

"என்ன சட்டை போட்டிருந்தேன்னு சொன்னாருங்க?"

"முழுக்கைச் சட்டையின்னாருங்க."

"அது எங்க மேஸ்திரி குடுத்ததுங்க. அப்ப எனக்கு அது ஒண்ணுதானுங்க நல்ல சட்டை" என்றார். ஐயா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கட்டுரைக்கு அந்த ஆண்டின் உயர்ந்த மதிப்பெண் போட்டேன். ஐயா சொன்ன வரியை மாசிலாமணி முன்னுரையில் சேர்த்திருந்தார். வாதத்தை மாற்றவில்லை, ரோமாபுரி ரோமாபுரியாகவே இருந்தது. ஊருக்குப் போன பிறகும் அதைப் பற்றி என்னோடு சளைக்காமல் வாதாடியிருக்கிறார். நான் இன்றுவரை எபேசுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவள். இருவருக்கும் நிரூபணம் கிடையாது. பயிற்சி முடிந்தும் அந்தக் கிராமங்களையே கேட்டு வாங்கிக்கொண்டு பல வருடம் அங்கே இருந்தார். தான் சொன்னபடியே ஐயாவும் அடிக்கடி அங்கே போய்வந்தார். இன்று அவர் இல்லை. எனக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு, சம்பளம் கொடுத்தவர்கள் உண்டு. ஒரு கடிதத்தைப் படிப்பதென்றால் என்னவென்று காட்டியவர் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவருக்குக் கீழே வேலை பார்த்ததை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

மாசிலாமணி அங்கே நடத்திய முதல் ஞாயிறு ஆராதனைக்கு நானும் ஐயாவும் போயிருந்தோம். காலனி நடுவில் ஓலைக்கொட்டகை. முப்பது பேர் இருப்பார்கள். ஆரோன் வெளுத்த வேட்டி கட்டி, முதல் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி பிலேமோன் கடிதத்தை முழுக்க வாசித்தார். அதிகம் விளக்கவில்லை. யார் யாருக்கு எழுதியது, எதற்காக எழுதியது என்று மட்டும் சொன்னார். எங்கிருந்து எழுதியது என்பதை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஆராதனை முடிந்து சாப்பாடு போட்டார்கள். ஆரோன் இலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மணி, நீங்கதான அந்தக் கடுதாசிய இவங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறது?"

"ஆமாங்க."

"அந்தப் பையன் ஊடு போய்ச் சேந்தானுங்களா?"

இத்தனை வருடம் படித்தும் நடத்தியும், என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. நான் ஐயாவைப் பார்த்தேன். எதிர்வரிசையில் இருந்த அவர், பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேந்தான்னு எங்கயும் எழுதலீங்க" என்றேன். "ஆனா அந்தக் கடுதாசி அவன் கையிலதான் போச்சு. அவன் போய்க் குடுக்காம இருந்திருந்தா, அவங்க வாங்கிப் படிச்சுப் பத்திரமா வெக்காம இருந்திருந்தா, இன்னைக்கு உங்க பையன் அதை வாசிச்சிருக்க முடியாதுங்க."

ஆரோன் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. கொட்டகையின் மறுபக்கத்தில் மாசிலாமணி குனிந்து யாருக்கோ ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பச் சேந்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டு, ஆரோன் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.